அம்மாவாசை வீட்டில் இல்லை

அந்த ஆபீஸின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் புதுச்சேரியில் இருக்கும் மற்ற ஆபீஸ்களெல்லாம் எங்களை ஏன் விட்டுவிட்டாய் என்று கோபித்துக்கொள்ளும். உழவர்கரைப் பக்கம் மாடியோடு கூடிய மஞ்சள் கட்டடம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதன் வாசலில், ஜெராக்ஸ் கடை நிழலில் மேசை போட்டு உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவன் நான். பெயர் சக்கரபாணி. இருபத்திரண்டு வருஷமாக எழுதுகிறேன். "பணிந்து வேண்டுகிறேன்" என்று எழுதி எழுதியே என் கை அந்த வார்த்தைக்கு வந்ததும் தானாக வளையும்.

2006-ஆம் வருஷம் மாசி மாதம் தையல்நாயகி என் மேசைக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும். சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலை. புருஷன் இறந்துவிட்டான், சுடர்விழி என்று ஒன்பதாவது படிக்கும் மகள் ஒருத்தி. அவளுடைய சித்தப்பா ராஜவேல் பழைய மில் தொழிலாளி, கல்யாணம் செய்துகொள்ளாதவர். கடைசி ஆறு வருஷம் அவரைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டியது தையல்நாயகிதான். அவர் தம் ஓட்டுவீட்டை அவள் பெயருக்கு உயில் எழுதி, ரிஜிஸ்டர் செய்து, தை மாதம் நிம்மதியாகக் கண்ணை மூடினார். புதுச்சேரியில் காரியத்தை இவ்வளவு சுத்தமாக முடித்துவிட்டுச் செத்த இன்னொரு மனிதரை எனக்குத் தெரியாது.

"அண்ணே, வூடு என் பேருக்கு மாறணும். பின்செவுரு பொளந்துடுச்சு, உத்திரம் உளுத்துப்போச்சு. ஐப்பசி மழைய இது தாங்காதுன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு. இடிச்சுக் கட்டலாம்னு ஆரம்பிச்சேன், முனிசிபாலிட்டிக்காரரு வந்து நிறுத்திட்டாரு. பட்டா என் பேருல இருந்தாதான் செங்கல்ல கை வெக்கணுமாம்."

"உயில் இருக்குதில்ல தங்கச்சி? ஒரு மாசத்துல முடிஞ்சிடும்" என்றேன். அத்தனை வருஷ அனுபவத்தில் நான் சொன்ன வார்த்தை இது. எனக்கே இப்போது வெட்கமாக இருக்கிறது.

மாடியில் பட்டா பிரிவைப் பார்ப்பவர் சுலோசனா மேடம். நல்ல மனுஷி, யாரையும் திட்டமாட்டார். உயிலை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார்.

"ரிஜிஸ்டர் ஆயிருக்கு. ரெண்டு சாட்சி இருக்கு. புத்தி தெளிவா இருந்தாருன்னு டாக்டர் சர்ட்டிபிகேட்கூட இருக்கு. எல்லாமே சரியா இருக்குதேம்மா. இப்படி இருந்தா எங்களுக்குக் கொஞ்சம் யோசனையா இருக்கும்."

அடுத்து புரோபேட் என்று ஒன்றைக் கேட்டார். உயில் உண்மையானதுதான் என்று கோர்ட்டில் நிரூபித்து முத்திரை வாங்கிவருவதற்குப் பெயர் புரோபேட். சென்னைப் பட்டணத்து வீடுகளுக்கு அது வேண்டும், நம்மூருக்குக் கட்டாயமில்லை என்று நான் சொன்னேன்.

"கட்டாயம் இல்லதான். எனக்கும் தெரியும்" என்றார் சுலோசனா. "ஆனா கட்டாயம் இல்லன்னு பைல்ல யாரு சொல்றது? நான் சொல்ல முடியாது. கட்டாயம் இல்லங்கறதுக்கு ஒரு பேப்பர் கட்டாயம் வேணும்."

வக்கீலிடம் போய் எழுதி வாங்கிவந்தோம். வக்கீல் சொல்வது அபிப்பிராயம்தான் என்று திருப்பிவிட்டார்கள். அரசு வக்கீலுக்குக் கடிதம் போயிற்று. "கேட்கப்பட்டது கட்டாயமில்லை என்பதால் இதற்குப் பதிலளிப்பதும் கட்டாயமில்லை" என்று அவரிடமிருந்து பதில் வந்தது. அதில் 'கட்டாயமில்லை' என்ற சொல் இரண்டு இடத்தில் இருந்ததால் சுலோசனா திருப்தியடைந்து பைலில் கோத்துக்கொண்டார். அதற்குள் சித்திரை பிறந்துவிட்டது.

பிறகு வாரிசுச் சான்றிதழ். உயில்தான் இருக்கிறதே, வாரிசு எதற்கு என்று தையல்நாயகி கேட்டாள். உயில் இல்லாமல் போயிருந்தால் சொத்து யாருக்குப் போயிருக்குமோ அவர்கள் எல்லாரும் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டுமாம். அப்படித் தந்துவிட்டால் உயிலை மதிப்பார்களாம். ராஜவேலுக்கு மனைவி மக்கள் இல்லை. தாய் இறந்ததற்குச் சான்று இருந்தது. அண்ணன், அதாவது தையல்நாயகியின் அப்பா, இறந்ததற்கும் சான்று இருந்தது. மிச்சம் ராஜவேலின் தகப்பனார் அம்மாவாசை.

அம்மாவாசை 1889-இல் பிறந்தவர். நம்மூரில் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பிறப்பு இறப்புப் பதிவேட்டை எத்தாசிவில் என்பார்கள். அதில் அவர் பிறப்பு அவ்வளவு அழகாகப் பதிவாகியிருந்தது. காலை ஏழரை மணிக்கு, விவசாயி ஒருவருக்கு, ஆண் குழந்தை, சாட்சிகள் இரண்டு பேர், அடியில் சுழித்துச் சுழித்து ஒரு துரையின் கையெழுத்து. இறப்பு மட்டும் இல்லை.

அதற்குக் காரணம் இருந்தது. 1951-இல் அம்மாவாசை ஒரு கல்யாணத்துக்குப் போனார். கல்யாண வீடு ரோட்டுக்கு எதிர்ச்சாரியில். அந்தக் காலத்தில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சு, அந்தப் பக்கம் இந்தியா. இன்றைக்கும் சாராயக்கடை வரிசை முடிகிற இடத்தில் தமிழ்நாடு தொடங்குகிறதே, அந்த மாதிரிதான். மனுஷன் பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கையலம்பும்போது சாய்ந்தார், போய்விட்டார். உடலை இந்தப் பக்கம் கொண்டுவரச் சுங்கக்காரன் ஆயிரம் கேள்வி கேட்டதால் அங்கேயே எரித்துவிட்டார்கள். பிரெஞ்சு ஊர் ஆள், அவர் ஊரில்தான் எழுதுவார்கள் என்று அந்தப் பக்கத்துக்காரர்கள் விட்டார்கள். அங்கே செத்தவரை அங்கேதான் எழுதுவார்கள் என்று இந்தப் பக்கத்துக்காரர்கள் விட்டார்கள். இருபதடி ரோட்டைத் தாண்டாமல் செத்திருந்தால் தையல்நாயகிக்கு இந்தப் பாடு இல்லை.

தமிழ்நாட்டுப் பக்கத்து ஆபீஸுக்கும் அவளை அழைத்துக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் அன்பாகக் கேட்டுக்கொண்டார். "1951ல உங்க ஊரு வெளிநாடு. வெளிநாட்டுக்காரர் இங்க வந்து செத்ததுக்கு நாங்க என்னா பண்ண முடியும்? பாஸ்போர்ட் இருந்தா கொண்டாங்க" என்றார்.

திரும்பிவந்து துணைத் தாசில்தாரைப் பார்த்தோம். பெயர் செம்மல். சட்டத்தை மனப்பாடமாகச் சொல்வார், சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

"பிரெஞ்சுக்காரன் ஒழுங்கானவன்மா. பொறந்தா எழுதுவான், செத்தா எழுதுவான். எழுதலன்னா நடக்கலன்னு அர்த்தம். உங்க தாத்தா விஷயத்துல பொறந்தது நடந்திருக்கு. மத்தது நடக்கல."

"சார், அவருக்கு இப்ப நூத்திப் பதினேழு வயசு ஆவும்" என்றாள் தையல்நாயகி.

"ஆகட்டுமே. இத்தன வயசுக்கு மேல ஒருத்தர் இருக்கக் கூடாதுன்னு எந்த ரூல்ல இருக்கு?"

"இருந்தா எங்க சார் இருப்பாரு?"

"அது உங்க குடும்ப விஷயம். அதுல இந்த ஆபீஸ் தலையிடாது."

மகன் கல்யாணமாகாமல் இறந்து, தாயும் இல்லையென்றால் தகப்பன்தான் வாரிசு. ஆகவே அம்மாவாசைக்கு ஆட்சேபணை உண்டா என்று நோட்டீஸ் போயிற்று. கொண்டுபோனவர் ஆபீஸ் உதவியாளர் கன்னியப்பன். அவர் எழுதிக்கொடுத்த அறிக்கையை நான் படித்தேன். "மேற்படி விலாசத்துக்கு நேரில் சென்றேன். அம்மாவாசை வீட்டில் இல்லை. எப்போது வருவார் என்று கேட்டதற்குப் பேத்தி பதில் சொல்லாமல் என்னையே பார்த்தார். அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் அவரைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று என்றார்கள். நோட்டீஸ் கதவில் ஒட்டப்பட்டது." இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது.

விசாரணை ஆனி மாதம். கன்னியப்பன் வராந்தாவில் நின்று "அம்மாவாசை" என்று மூன்று முறை கூப்பிட்டார். பென்ஷனுக்கு வந்திருந்தவர்களெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். செம்மல் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வயசானவரு. மாடிப்படி ஏற முடியாம இருக்கலாம். கீழ போய் ஒருவாட்டி கூப்புடுய்யா."

கன்னியப்பன் கீழே போய் என் மேசைக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டார். மாடியில் தையல்நாயகி பக்கத்தில் நின்ற நான் தலையைக் குனிந்துகொண்டேன். மூத்த குடிமகன் என்பதால் இன்னும் இரண்டு மாதம் அவகாசம் கொடுத்து உத்தரவாயிற்று. அவ்வளவு மரியாதையை அந்த ஆபீஸ் உயிரோடிருக்கும் ஒருவருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

இதற்குள் பைல் மேலே போய்க் கீழே வரும் வழியில் யார் கண்ணிலோ அந்த வயது பட்டுவிட்டது. நூற்றுப் பதினேழு. ஆகஸ்ட் பதினாறாம் தேதி நம்ம ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த நாள். அன்றைக்கு ஆபீஸ் வளாகத்தில் பந்தல் போட்டுப் பகுதியின் மூத்த குடிமக்களைக் கௌரவிப்பது வழக்கம். போன வருஷம் தொண்ணூற்றிரண்டு வயதுக்காரர் ஒருவரைப் பிடித்து உட்காரவைத்திருந்தார்கள். இந்த வருஷம் எல்லாப் பகுதியையும் தோற்கடித்துவிடலாம் என்று ஆபீஸே பூரித்துப்போயிருந்தது. தையல்நாயகிக்கு அழைப்பிதழ் வந்தது. அம்மாவாசை அவர்கள், குடும்பத்துடன்.

"போவட்டுமா அண்ணே?" என்று கேட்டாள். "போவலன்னா கோவிச்சுப்பாங்களா? பைலு அவங்க கையில இருக்குது."

போகாதே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. போய் ஓரமாக உட்கார் என்றேன்.

மேடையில் முதல் நாற்காலி காலியாக இருந்தது. அதில் 'திரு. அம்மாவாசை' என்று அட்டை. அதற்கும் ஒரு பிஸ்கட் தட்டும் தண்ணீர் பாட்டிலும் வைத்திருந்தார்கள். செம்மல் மைக்கைப் பிடித்தார்.

"பெரியவர் இன்று நேரில் வர இயலவில்லை. அதனால் என்ன? நேரில் வருகிறவர்களால் இந்த ஆபீஸுக்கு எவ்வளவு சிரமம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். வருகிறார்கள், உட்காருகிறார்கள், கேள்வி கேட்கிறார்கள். ஐயா அம்மாவாசை அவர்கள் நூற்றுப் பதினேழு வருடத்தில் ஒரு நாள்கூட எங்களைத் தொந்தரவு செய்ததில்லை. ஒரு மனு கொடுத்ததில்லை. ஒரு குடிமகன் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அவர்தான் உதாரணம். நீங்கள் எல்லாரும் அவரைப்போல் ஆக வேண்டும்."

எல்லாரும் கைதட்டினார்கள். அம்மாவாசைக்குப் போட வேண்டிய சால்வையைப் பேத்தியின் தோளில் போட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். நான் டீ குடிக்கப் போயிருந்த ஐந்து நிமிஷத்தில் சுலோசனா ஒரு ரிஜிஸ்டரை நீட்டி, "சால்வை வாங்குனதுக்கு ஒரு கையெழுத்தும்மா. போட்டா பைல் சீக்கிரம் நகரும்" என்றிருக்கிறார். தையல்நாயகி போட்டுவிட்டாள். திரும்பிவந்து அந்த வரியைப் பார்த்தேன். 'வயோதிகத்தால் வர இயலாத என் தாத்தா அம்மாவாசை அவர்கள் சார்பில் பெற்றுக்கொண்டேன்.'

சுலோசனா பொய் சொல்லவில்லை. பைல் மறுநாளே நகர்ந்தது. இரண்டு வாரம் கழித்து நான் கடைசி அஸ்திரம் என்று நினைத்து ஒரு மனு எழுதினேன். ஏழு வருஷமாக ஒருவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லையென்றால் அவர் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்பது சட்டம். அம்மாவாசையைப் பற்றி ஐம்பத்தைந்து வருஷமாகத் தகவல் இல்லை. இதை எடுத்துக்கொண்டு செம்மலிடம் போனோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சட்டப்பிரிவை ஒப்பித்தார். பிறகு கண்ணைத் திறந்தார்.

"சட்டம் சரிதான் சக்கரபாணி. ஆனா தகவல் இல்லன்னு எப்படிச் சொல்ல முடியும்? ஆகஸ்ட் பதினாறாம் தேதி வரைக்கும் இருந்திருக்காரே. பேத்தியே கையெழுத்துப் போட்டிருக்கு. போட்டோ இருக்கு. ஏழு வருஷத்த அதுலேர்ந்துதான் எண்ணணும்." மேசைக் காலண்டரைப் புரட்டினார், அதில் 2006-க்கு மேல் இல்லை. "2013 ஆகஸ்ட் பதினேழு. சனிக்கிழமையா இருந்தா திங்களன்னைக்கு வாங்க."

தையல்நாயகி அப்போதுதான் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினாள். "சார், வூட்டு செவுரு அதுவரைக்கும் நிக்காது சார். இந்த மழைக்கே நிக்காது. உள்ள என் பொண்ணு படுத்துக்கறா."

செம்மல் கெட்டவர் இல்லை. உண்மையாகவே யோசித்தார்.

"ஒண்ணு பண்ணலாம். இப்ப சாகட்டும். இருபத்தொரு நாளுக்குள்ள வந்து சொன்னா அன்னைக்கே சர்ட்டிபிகேட். அபராதம்கூடக் கெடையாது."

"யாரு சார் சாவணும்?"

"உங்க தாத்தாதாம்மா."

"அவரு செத்துதான் அம்பத்தஞ்சு வருஷம் ஆவுதே சார்."

"அப்ப இன்னொருவாட்டி சாக முடியாதுங்கறீங்க. அதான் சிக்கல்" என்று பைலை மூடினார்.

புரட்டாசி போயிற்று. நான் கலெக்டருக்கு ஒன்று, அதற்கு மேலே ஒன்று என்று மனு எழுதினேன். எல்லாம் "தக்க நடவடிக்கைக்காக" செம்மலிடமே திரும்பிவந்தன. மேஸ்திரி சவுக்குக் கழி இரண்டை முட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். மழைக்காலம் முடியும்வரை ராத்திரியில் பக்கத்து வீட்டில் படுத்துக்கொள்ளும்படி நான் சொன்னேன். மகளை அனுப்பினாள், இவள் போகவில்லை. ஆளில்லாத வீடு என்று அறிக்கையில் எழுதிவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்குப் பயம். அந்த ஆபீஸ் அவளுக்கு அந்த அளவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது.

ஐப்பசி மூன்றாம் வாரம் நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலை பதினொரு மணிக்குப் பின்சுவர் விழுந்து, அதோடு உத்திரமும் ஓடும் மொத்தமாக உட்கார்ந்துவிட்டன. தையல்நாயகி கம்பெனியில் இருந்தாள், சுடர்விழி பள்ளிக்கூடத்தில். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. சேதி கேட்டு நான் குடையோடு ஓடினேன். எனக்கு முன்பே ஆபீஸ் அங்கே வந்திருந்தது. ஒன்பது மாதம் அந்த வீட்டை எட்டிப்பார்க்காத செம்மல் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு கையில் பட்டியலோடு நின்றார். கூடவே தீயணைப்பு வண்டி, கடப்பாரையோடு எட்டுப் பேர்.

"வீட்டுல நாலு பேரு. ராஜவேல் இறந்துட்டாரு. நீங்க இருக்கீங்க, பொண்ணு இருக்கு. பெரியவர் மட்டும் கணக்குல வரல" என்றார் தையல்நாயகியிடம். "கவலப்படாதீங்கம்மா. எப்படியாவது எடுத்துடுவோம்."

"உள்ள யாரும் இல்ல சார்" என்றாள்.

"அதிர்ச்சியில அப்படித்தான் சொல்லுவாங்க" என்று தீயணைப்புக்காரர்களிடம் செம்மல் விளக்கினார். "ஜாக்கிரதையாத் தோண்டுங்கப்பா. நூத்திப் பதினேழு வயசு."

இரண்டு நாள் தோண்டினார்கள். இடியாமல் மிச்சமிருந்த முன்சுவரும் பெரியவர் அதன் பின்னால் இருக்கக்கூடும் என்று இறக்கப்பட்டது. குழம்புச் சட்டி வந்தது. சுடர்விழியின் கணக்கு நோட்டு வந்தது, மை கரைந்து எல்லாப் பக்கமும் நீலம். ராஜவேல் படுத்திருந்த கட்டிலின் கால் ஒன்று வந்தது. ஒவ்வொன்றையும் வெளியில் எடுத்து வரிசையாக வைத்தார்கள். அத்தனை நாள் அழாத தையல்நாயகி அந்த வரிசையைப் பார்த்ததும் செங்கல் குவியல்மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். "ஆறு வருஷம் பாத்துகிட்டு எனக்குன்னு குடுத்துட்டுப் போனாரே, ஒரு செவுரு எழுப்ப வுட்டாங்களா" என்று மாரில் அடித்துக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது. மழையில் யாருக்கும் தெரிந்திருக்காது.

செம்மல் மழைக்கோட்டுத் தொப்பியைக் கழற்றினார். கன்னியப்பனைப் பார்த்து மெதுவாக, "எழுதிக்கய்யா" என்றார். கன்னியப்பன் குடைக்குள் ரிஜிஸ்டரைப் பிடித்து எழுதினார். "உடல் கிடைக்கவில்லை. பேத்தி கதறி அழுதார். மரணம் உறுதி செய்யப்பட்டது."

இறப்புச் சான்றிதழ் மூன்றாம் நாள் வந்தது. ஆபீஸில் அம்மாவாசைக்காக இரண்டு நிமிஷம் எழுந்து நின்றார்களாம். வாரிசுச் சான்றிதழ் ஐந்தாம் நாள். பதினோராம் நாள் பட்டாவே வந்துவிட்டது. தையல்நாயகி கம்பெனிக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டு வாங்கினாள்.

"குடுத்து வெச்சவங்கம்மா நீங்க. ஏழு வருஷம் ஆயிருக்க வேண்டியது" என்று சுலோசனா மனசாரச் சொன்னார்.

மாடியிலிருந்து இறங்கி என் மேசைக்கு வந்து நீட்டினாள். படித்துப் பார்த்தேன். பெயர் சரி. சர்வே எண் சரி. அளவு சரி. வகை என்ற இடத்தில் 'காலி மனை' என்று போட்டிருந்தது. அதுவும் சரிதான். ஒன்பது மாதத்தில் அந்த ஆபீஸிலிருந்து தப்பில்லாமல் வந்த முதல் காகிதம் அது.

தூறல் இன்னும் விடவில்லை. அவளும் சுடர்விழியும் அந்தப் பதினோரு நாளும் பள்ளிக்கூடத்தில்தான் தங்கியிருந்தார்கள், மழையில் வீடிழந்த இன்னும் இருபது குடும்பங்களோடு, சுடர்விழி பகலில் படிக்கும் அதே வகுப்பறையில். மறுநாள் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். தையல்நாயகி பட்டாவை நாலாக மடித்தாள். கையிலிருந்த துணிப்பை நனைந்திருந்தது, புடவையும் நனைந்திருந்தது. மடித்ததைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, இத எங்க வெக்கிறது?" என்று கேட்டாள்.